மருத்துவக் கல்லூரிப் பணியில் பெண்கள்: உதவிப் பேராசிரியர் முதல் துறைத் தலைமை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இணைப் பேராசிரியர் பதவி உயர்வுக்கான விண்ணப்பத்தை நிரப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஆறு வருடம் முடிந்திருந்தது. அந்த ஆறு வருடமும் எங்கள் துறையின் டூட்டி பட்டியல் போட்டது நான். உள்மதிப்பீட்டுத் தேர்வுகளை நடத்தியது நான். புதிதாகச் சேர்ந்த முதுநிலை மாணவர்களுக்கு அறிமுக வகுப்பு எடுத்தது, கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக்குழு வரும்போது கோப்புகளை அடுக்கியது, அழுதுகொண்டு வந்த மாணவிகளோடு உட்கார்ந்து பேசியது எல்லாம் நான்தான். விண்ணப்பத்தில் இவற்றில் எதற்கும் கட்டம் இல்லை. ஆய்வுக்கட்டுரைகள், ஆய்வு நிதி, அழைப்பின் பேரில் ஆற்றிய உரைகள், வெளிக் குழுக்களில் வகித்த பொறுப்புகள் என்று கேட்டிருந்தார்கள். எழுத என்னிடம் இரண்டு கட்டுரைகள் இருந்தன. என்னோடு அதே மாதம் சேர்ந்த ஆண் சக ஊழியரிடம் ஒன்பது இருந்தன. அவர் சோம்பேறி இல்லை, யாரையும் ஏமாற்றவும் இல்லை. நானும் அவரும் ஒரே அளவு நேரம்தான் உழைத்திருந்தோம். அவருடைய நேரம் கணக்கில் வரும் வேலைக்குப் போயிருந்தது, என்னுடையது வராத வேலைக்குப் போயிருந்தது.

இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான். நீங்கள் செய்யும் வேலைக்கும், உங்களை மேலே கொண்டுபோகும் வேலைக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதை முதல் வருடமே அளந்து பார்க்க வேண்டும். ஆறாவது வருடம் அளந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

காத்திருந்தால் தானாகச் சரியாகாதா?

"இப்போது படிக்க வருபவர்களில் பாதிப்பேர் பெண்கள்தானே, இன்னும் பத்து வருடத்தில் தலைமைப் பதவிகளிலும் பாதி வந்துவிடும்" என்று பலர் சொல்வார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கணக்கு அப்படிக் காட்டவில்லை. அமெரிக்காவில் 2017-இல் மருத்துவப் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களில் முதல்முறையாகப் பெண்கள் பாதிக்கு மேல் இருந்தார்கள். அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் 2018-19 அறிக்கைப்படி, முழுநேர ஆசிரியர்களில் பெண்கள் 41 சதவீதம், பேராசிரியர்களில் 25 சதவீதம், துறைத் தலைவர்களில் 18 சதவீதம், டீன்களில் 18 சதவீதம். படி ஏற ஏறக் குறைகிறது.

1979 முதல் 2013 வரை அங்கே மருத்துவம் முடித்த ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. இணைப் பேராசிரியர், பேராசிரியர், துறைத் தலைவர் என்று ஒவ்வொரு படியிலும் பெண்களுக்கு வாய்ப்பு குறைவாக இருந்தது. பிற்காலத்தில் படித்து முடித்தவர்களிடமும் அந்த இடைவெளி சுருங்கவில்லை. 2015-இல் வந்த இன்னோர் ஆய்வு வயது, அனுபவம், கட்டுரைகள், ஆய்வு நிதி எல்லாவற்றையும் சமப்படுத்திப் பார்த்தது. அப்போதும் பெண்கள் முழுப் பேராசிரியர் ஆவது குறைவாகவே இருந்தது. அதனால் இரண்டு வேலை சேர்ந்தே நடக்க வேண்டும். உங்கள் பாதையை நீங்கள் திட்டமிட வேண்டும், நிறுவனமும் தன் வழக்கங்களை மாற்ற வேண்டும். இரண்டாவது உங்கள் கையில் இல்லாத காலத்தில் முதலாவதைச் செய்யுங்கள். அதிகாரம் கைக்கு வந்ததும் இரண்டாவதை மறந்துவிடாதீர்கள்.

படி 1: விதிகளை முதல் மாதமே படியுங்கள்

பதவி உயர்வு விதிகள் எழுத்தில் இருக்கும். கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் அவை வேறு. சில இடங்களில் ஆய்வு, கற்பித்தல், மருத்துவப் பணி என்று தனித்தனிப் பாதைகள் உண்டு. எந்தப் பாதையில் உங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதே தெரியாமல் ஐந்து வருடம் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். நோயாளிகளைப் பார்ப்பதிலேயே வாரம் முழுவதும் போகிற ஒருவரை ஆய்வுப் பாதையில் வைத்திருந்தால், அவர் ஒவ்வொரு வருடமும் தோற்பதற்கென்றே ஏற்பாடு செய்தது போலாகிவிடும்.

விதியில் "கணிசமான பங்களிப்பு", "அங்கீகாரம்" போன்ற சொற்கள் வரும். அதற்கு உங்கள் கல்லூரியில் என்ன அர்த்தம் என்று அந்தச் சொற்களை வைத்துச் சொல்ல முடியாது. கடந்த மூன்று வருடத்தில் பதவி உயர்வு பெற்ற இரண்டு பேரிடம் போய், "உங்கள் சி.வி.யை ஒரு தடவை பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலானோர் சந்தோஷமாகத் தருவார்கள். அப்புறம் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் விதி கேட்பது, வலப்பக்கம் இன்று உங்களிடம் இருப்பது. வலப்பக்கத்தில் காலியாக இருக்கும் இடங்கள்தான் உங்கள் அடுத்த மூன்று வருட வேலை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் வருடம் ஒருமுறை உட்காருங்கள். பேசி முடித்ததும் அன்றைக்கே ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று நாம் பேசியபடி, இந்த மூன்றும் முடிந்தால் அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம் என்று புரிந்துகொண்டேன்." தலைவர் மாறிப் போனாலும் அந்த மின்னஞ்சல் உங்களிடம் இருக்கும்.

படி 2: நான்கு வாரம் நேரக் கணக்கு எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். மிக அவசியமானது இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

நான்கு வாரம், தினமும் வேலை முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அன்றைய மணிநேரங்கள் எதற்குப் போயின என்று எழுதுங்கள். ஓ.பி., வார்டு, அறுவை அரங்கு ஒரு வகை. வகுப்பும் தேர்வும் ஒரு வகை. ஆய்வும் எழுத்தும் ஒரு வகை. நிர்வாகமும் கமிட்டிகளும் ஒரு வகை. கடைசியாக, யாருக்காகவோ செய்துகொடுத்த வேலை ஒரு வகை. மாத முடிவில் கூட்டிப் பாருங்கள். நான் கூட்டியபோது ஆய்வுக்கும் எழுத்துக்கும் வாரம் இரண்டு மணிநேரம் வந்தது, அதுவும் இரவு பத்து மணிக்கு மேல். கடைசி வகை மட்டும் ஒன்பது மணிநேரம்.

இது ஒருவருடைய சுபாவம் சார்ந்த விஷயம் மட்டும் இல்லை. 2017-இல் பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மூன்று பேர் கொண்ட குழுவில் யாராவது ஒருவர் ஒரு வேலையை ஏற்க வேண்டும். ஏற்பவருக்கு மற்ற இருவரைவிடக் குறைவான பணம்தான் கிடைக்கும். ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களில், முன்வந்து ஏற்பது பெண்களிடம் 48 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களில் ஆண்களே தயங்காமல் ஏற்றார்கள். இன்னொரு சுற்றில் யாரிடம் கேட்பது என்று தீர்மானிக்க ஒருவரை வைத்தார்கள். கேட்பவர் ஆணோ பெண்ணோ, பெண்களிடம்தான் 44 சதவீதம் அதிகமாகக் கேட்டார்கள். பெண்கள் 76 சதவீதம் தடவை சரி என்றார்கள், ஆண்கள் 51 சதவீதம். பெண் செய்துவிடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள், பெண்களும் எதிர்பார்க்கிறார்கள். அதனால்தான் "மறுக்கக் கற்றுக்கொள்" என்று சொல்வது மட்டும் போதாது. கேட்கும் முறையும் மாற வேண்டும், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இளம் ஆசிரியர் எல்லாவற்றையும் மறுக்க முடியாது. மறுத்தால் "ஒத்துழைக்காதவர்" என்ற பெயர் வரும், அந்தப் பெயர் ஆண்களைவிடப் பெண்களுக்குச் சீக்கிரம் ஒட்டும். அதனால் உடனே பதில் சொல்லாமல் இருப்பதை முதலில் பழகுங்கள். "பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் சார்" என்பது யாரையும் புண்படுத்தாது. அன்று இரவு படி 1-இல் போட்ட தாளை எடுத்துப் பாருங்கள். இந்த வேலை வலப்பக்கத்தில் எந்த இடத்தையாவது நிரப்புமா? நிரப்பும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். நிரப்பாது, ஆனாலும் தட்ட முடியாது என்றால் ஒரு மாற்று கேளுங்கள்: "தேர்வுப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறேன் மேடம். டூட்டி பட்டியலை இந்த மாதமே வேறொருவரிடம் கொடுத்துவிடட்டுமா? தேர்வையும் ஒரு வருடம் கழித்து மாற்றிக்கொள்ளலாம்." வேலைக்கு முடிவுத் தேதி இருக்க வேண்டும். முடிவுத் தேதி இல்லாமல் ஏற்ற வேலை ஓய்வு பெறும்வரை உங்களுடையது.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, எனக்கு உண்மையில் கைகொடுத்தது அதுதான். தவிர்க்க முடியாத வேலையைக் கணக்கில் வரும் வேலையாக மாற்றுவது. வருடா வருடம் உள்மதிப்பீட்டுத் தேர்வு நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேள்விகளின் கடினத்தன்மை, வெவ்வேறு தேர்வாளர்கள் தரும் மதிப்பெண்களில் உள்ள வித்தியாசம், மாணவர்களுக்குத் தேர்வுக்குப் பின் தரும் விளக்கத்தால் வரும் முன்னேற்றம் ஆகிய மூன்றுமே மருத்துவக் கல்வி இதழ்களில் கட்டுரை ஆகக்கூடியவை. ஒரே நிபந்தனை, தரவு சேகரிக்கத் தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். "எல்லாம் நடத்தி முடித்துவிட்டேன், இப்போது கட்டுரையாக எழுதலாமா?" என்று வருபவர்களுக்குப் பல சமயம் உதவ முடிவதில்லை.

படி 3: உங்களுக்கென்று ஒரு கேள்வி

வெளியூர்க் கருத்தரங்கில் ஒருவரை அழைக்க நினைப்பவர், "இந்த விஷயத்துக்கு இவரைக் கூப்பிடலாம்" என்று யோசிக்க வேண்டும். அதற்கு உங்கள் பெயரோடு ஒரு விஷயம் ஒட்டியிருக்க வேண்டும். எட்டு வெவ்வேறு தலைப்புகளில் எட்டுக் கட்டுரைகள் இருப்பதைவிட, ஒரே கேள்வியின் நான்கு பக்கங்களைத் தொட்ட நான்கு கட்டுரைகள் அதிகம் பேசும். உங்கள் வார்டில் தினமும் நீங்கள் பார்க்கும், யாரும் சரியாகப் பதில் சொல்லாத ஒரு விஷயத்திலிருந்து தொடங்குங்கள்.

கட்டுரையை எழுதியவர்களாக யார் யார் பெயர், எந்த வரிசையில் வரும் என்ற ஆசிரியர் வரிசையைப் பற்றி ஆய்வு தொடங்கும் அன்றே பேசிவிடுங்கள். இது சங்கடமான பேச்சுதான். கட்டுரை முடிந்தபின் பேசினால் சங்கடம் சண்டையாகும். சர்வதேச மருத்துவ இதழாசிரியர்கள் குழு வகுத்த நான்கு நிபந்தனைகள் உங்களுக்குத் துணை. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ அதன் பகுப்பாய்விலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது உள்ளடக்கத்தை ஆழமாகத் திருத்தியிருக்க வேண்டும். வெளியாகும் வடிவத்துக்கு இறுதி ஒப்புதல் தர வேண்டும். முழு வேலைக்கும் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். பதவியில் பெரியவர் என்பதற்காகப் பெயர் சேர்ப்பது இதில் வராது. கூட்டத்தில் பேசியதை, "யார் முதலாம் ஆசிரியர், யார் கடைசி ஆசிரியர், யார் எந்தப் பகுதி எழுதுகிறார்" என்று ஒரு மின்னஞ்சலாக எல்லோருக்கும் அனுப்பி வையுங்கள். தொடக்கத்தில் முதலாம் ஆசிரியராக இருக்கும் கட்டுரைகள் முக்கியம். பேராசிரியர் பதவிக்குப் போகும்போது கடைசிப் பெயராக, அதாவது வழிநடத்தியவராக வரும் கட்டுரைகளையும் பார்ப்பார்கள். அந்த மாற்றத்தை நடுவிலேயே தொடங்க வேண்டும், அதற்கு நீங்கள் வழிகாட்டும் மாணவர்கள் வேண்டும்.

பெண்களுக்கு மட்டுமே பெரும்பாலும் வரும் ஒரு சிக்கல், பெயர். திருமணத்துக்கு முன் ஒரு பெயர், பின் ஒரு பெயர், நடுவில் இனிஷியல் முன்னும் பின்னும் மாறுவது என்று ஒரே ஆளின் கட்டுரைகள் மூன்று பேருடையதாகத் தேடுபொறியில் சிதறிக் கிடக்கும். முதல் கட்டுரை அனுப்பும் முன்பே வெளியீட்டுக்கு ஒரே பெயரை முடிவுசெய்து, வாழ்க்கையில் என்ன மாறினாலும் அதையே வைத்திருங்கள். 2012 முதல் இயங்கும் ஆர்கிட் என்ற இலவச ஆய்வாளர் அடையாள எண்ணையும் எடுத்துவிடுங்கள். பெயர் மாறினாலும் எண் மாறாது. ஏற்கெனவே சிதறியிருந்தால் அந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் ஒன்று சேர்க்கலாம்.

படி 4: மென்டர் ஒருவர் போதாது

மென்டர் உங்களோடு பேசுபவர். ஸ்பான்சர் நீங்கள் இல்லாத அறையில் உங்களைப் பற்றிப் பேசுபவர். பெண்களுக்கு முதல் வகை கிடைத்துவிடுகிறது. அறிவுரை சொல்ல எப்போதும் ஆள் உண்டு. கருத்தரங்கில் பேச யாரை அழைக்கலாம், இதழின் ஆசிரியர் குழுவில் யாரைச் சேர்க்கலாம் என்ற பேச்சு வரும்போது நம் பெயரைச் சொல்லும் ஆள்தான் குறைவு.

ஸ்பான்சரை விண்ணப்பம் போட்டு வாங்க முடியாது. ஆனால் அவருடைய வேலையை எளிதாக்க முடியும். மூத்தவர் ஒருவரோடு ஒரு சின்ன வேலையைச் சொன்ன தேதியில், சொன்ன தரத்தில் முடித்துக் கொடுங்கள். நூறு சொல்லில் உங்களைப் பற்றிய அறிமுகக் குறிப்பும், நல்ல புகைப்படமும், பேசத் தயாராக உள்ள மூன்று தலைப்புகளும் எப்போதும் கையில் இருக்கட்டும். அப்புறம் நேரடியாகக் கேளுங்கள்: "இந்தத் தலைப்பில் எங்காவது பேச்சாளர் தேவைப்பட்டால் என் பெயரைச் சொல்ல முடியுமா?" எனக்கு இதைக் கேட்க வாய் வர நாலு வருடம் ஆனது. கேட்ட முதல் நபர், "நீ மருத்துவமனை வேலையில் திருப்தியாக இருக்கிறாய், இதிலெல்லாம் விருப்பமில்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். விருப்பத்தைச் சொல்லாவிட்டால் இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

சம நிலையில் உள்ள மூன்று நான்கு பேர் சேர்ந்து மாதம் இருமுறை எழுத உட்காருவதும் மிகப் பெரிய உதவி. வெவ்வேறு துறையினராக இருந்தால் இன்னும் நல்லது, போட்டி இருக்காது. ஒரு மணிநேரம் பேச்சு கிடையாது, எழுத்து மட்டும். கடைசிப் பத்து நிமிடம் அடுத்த இரண்டு வாரத்துக்கு என்ன என்று சொல்லிவிட்டுக் கலையலாம்.

பரிந்துரைக் கடிதங்களில் ஒரு கண் இருக்கட்டும். அமெரிக்காவில் ஒரு பெரிய மருத்துவக் கல்லூரிக்கு வந்த முந்நூறுக்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியில் குட்டையாக இருந்தன. "கடுமையாக உழைப்பவர்", "பொறுப்பானவர்" போன்ற சொற்களும், சந்தேகம் எழுப்பும் வரிகளும் அவற்றில் அதிகம் இருந்தன. ஆண்களின் கடிதங்களில் ஆய்வு பற்றிய பேச்சு அதிகம். எழுதியவர்கள் கெடுதல் நினைத்திருக்க வாய்ப்பில்லை. அதனால் கடிதம் கேட்கும்போது வெறும் சி.வி.யைக் கொடுக்காதீர்கள். ஒரு பக்கத்தில் உங்கள் முக்கியக் கண்டுபிடிப்பு, அதனால் வார்டில் எது மாறியது, எத்தனை பேருக்கு வழிகாட்டினீர்கள் என்று எண்ணிக்கையோடு எழுதிக் கொடுங்கள். எழுதுபவருக்கும் அது வசதி.

படி 5: ஆய்வு நிதிக்கு விண்ணப்பிப்பது

1997-இல் ஸ்வீடனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கு வந்த விண்ணப்பங்களின் மதிப்பெண்களை கிறிஸ்டின் வென்னரோஸ், ஆக்னஸ் வோல்ட் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் வெளியே கொண்டுவந்தார்கள். ஆணுக்குக் கிடைக்கும் அதே திறன் மதிப்பெண்ணைப் பெற, ஒரு பெண் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆய்வு வெளியீடு காட்ட வேண்டியிருந்தது. அது பழைய கதை என்று நினைத்தால், கனடா தகவல் இருக்கிறது. அங்கே சுகாதார ஆய்வு நிறுவனம் இரண்டு வகை நிதித் திட்டங்களை நடத்தியது. ஆய்வுத் திட்டத்தை முதன்மையாக மதிப்பிட்ட வகையில் ஆண், பெண் வெற்றி விகிதத்தில் 0.9 சதவீதப் புள்ளிதான் வித்தியாசம். ஆய்வாளர் யார் என்பதை முதன்மையாக மதிப்பிட்ட வகையில் அது 4 புள்ளி. 2019-இல் வெளியான ஆய்வு இது.

இதில் நமக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. தேர்வு செய்ய முடிந்தால், ஆளைவிடத் திட்டத்தை மதிப்பிடும் நிதிகளை முதலில் குறிவையுங்கள். கல்லூரிக்குள்ளேயே கிடைக்கும் சிறிய நிதியில் தொடங்கி, அதன் முடிவுகளை வைத்துப் பெரியதற்குப் போங்கள். முன்பு வென்ற விண்ணப்பம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்பே, உங்கள் துறை சாராத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். நிராகரிப்பு வந்தால் இரண்டு நாள் விட்டுவிட்டு மதிப்பீட்டாளர் குறிப்புகளைப் படித்து, திருத்தி, அடுத்த சுற்றிலேயே அனுப்புங்கள். முதல் நிராகரிப்போடு நிறுத்திவிட்ட நல்ல திட்டங்கள் எத்தனையோ அலமாரியில் கிடக்கின்றன, அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

படி 6: பேரம் பேசுங்கள், எழுத்தில் வாங்குங்கள்

அமெரிக்காவில் ஆய்வு நிதி பெற்ற மருத்துவர்களைப் பற்றி 2012-இல் வெளிவந்த ஆய்வில், சிறப்புத் துறை, பதவி, வேலை நேரம், வெளியீடு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் ஆண்களுக்குச் சம்பளம் வருடத்துக்கு 13,399 டாலர் அதிகமாக இருந்தது. சம்பள அளவு நிலையாக உள்ள இடங்களில் பணத்தில் பேச இடம் இருக்காது. ஆனால் நேரத்தைப் பற்றிப் பேசலாம். வாரத்தில் ஒரு முழு நாள் ஆய்வுக்கு ஒதுக்கீடு, புள்ளியியல் உதவி, ஓர் ஆய்வு உதவியாளர், இரவு டூட்டிகளின் எண்ணிக்கை, கருத்தரங்குப் பயணச் செலவு ஆகியவை எல்லாம் பேரத்துக்கு உரியவை. வேலையில் சேரும் முன்பும், புதிய பொறுப்பை ஏற்கும் முன்பும் உங்கள் பேச்சுக்கு எடை அதிகம். ஏற்ற பிறகு அது குறைந்துவிடும்.

"எனக்கு ஆய்வுநேரம் வேண்டும்" என்று சொல்வதைவிட, "வாரம் ஒரு நாள் கிடைத்தால் இரண்டு வருடத்தில் மூன்று கட்டுரையும் ஒரு வெளி நிதி விண்ணப்பமும் துறைக்கு வரும்" என்று சொல்லுங்கள். துறைக்கு என்ன கிடைக்கிறது என்று சொல்லும்போது கேட்பவருக்கும் மேலே போய்ப் பேச வசதியாக இருக்கும். ஒதுக்கிய நாளில் யாராவது உங்களை ஓ.பி.க்குக் கூப்பிட்டால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். அந்த நாள் பறிபோவது எப்போதும் "இன்றைக்கு மட்டும்" என்றுதான் தொடங்கும்.

படி 7: மகப்பேறும் மற்ற இடைவெளிகளும்

விடுப்பு எடுப்பது உங்கள் உரிமை. அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. விடுப்புக்கு மூன்று மாதம் முன்பு, நடந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி, யார் பார்ப்பது என்று குறித்துவிடுங்கள். விடுப்பில் இருக்கும்போது வேலை செய்யாதீர்கள். திரும்பும்போது முதல் மாத இரவு டூட்டிகள், பால் எடுக்கவும் சேமிக்கவும் இடமும் நேரமும், ஒத்திவைத்த பதவி உயர்வுக் காலக்கெடு ஆகிய மூன்றையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

காலக்கெடுவை நீட்டிக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். ஆனால் அது தானாகவே நீதி செய்துவிடும் என்று நம்ப வேண்டாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பொருளாதாரத் துறைகளில், குழந்தை பிறந்த ஆண், பெண் இருவருக்கும் ஒரே மாதிரி நீட்டிப்பு கொடுத்தபோது, நிரந்தரப் பணி பெற்ற ஆண்கள் கூடினார்கள், பெண்கள் குறைந்தார்கள். அந்த நீட்டிப்பில் யாருக்கு எழுத நேரம் கிடைத்தது என்று யூகிப்பது கடினமில்லை. அதனால் வீட்டிலும் ஒரு பேச்சு நடக்க வேண்டும். எழுதும் நேரம் என்று நாட்காட்டியில் குறித்த நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பது என்பது வரை போகும் பேச்சு.

படி 8: தொல்லை நேர்ந்தால்

அமெரிக்காவில் இளம் ஆய்வாளர் நிதி பெற்ற மருத்துவ ஆசிரியர்களிடம் நடத்திய கருத்தாய்வு 2016-இல் வெளியானது. தொழில்வாழ்க்கையில் பாலியல் தொல்லையை நேரடியாக எதிர்கொண்டதாகப் பெண்களில் 30 சதவீதம் பேர் சொன்னார்கள், ஆண்களில் 4 சதவீதம். சாதித்து மேலே வந்தவர்களிடம் கேட்ட கணக்கு இது. பாதியில் விட்டுப் போனவர்கள் இதில் இல்லை.

உங்களுக்கு நேர்ந்தால் அது உங்கள் தவறு இல்லை. அன்றே தேதி, நேரம், இடம், சொன்ன சொற்கள், பார்த்தவர்கள் என்று எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பை அலுவலகக் கணினியிலோ அலுவலக மின்னஞ்சலிலோ மட்டும் வைக்காதீர்கள். நம்பும் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள், பின்னால் அவர் சாட்சி. புகார்க் குழு எது, காலக்கெடு என்ன என்று தெரிந்துகொண்டு, சட்ட ஆலோசனை கிடைத்தால் அதையும் பெற்று, புகார் கொடுப்பதா, எப்போது கொடுப்பதா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். "உன் எதிர்காலம் என்ன ஆகும்" என்று சொல்லி அந்த முடிவை இன்னொருவர் எடுக்க விடாதீர்கள். தனியாகப் போக வேண்டாம்.

படி 9: தலைமைக்குத் தயாராவது

எல்லாப் பொறுப்பும் தலைமைப் பொறுப்பு இல்லை. "துணை", "ஒருங்கிணைப்பாளர்" என்ற பட்டங்களோடு பெண்களுக்கு வருபவை பல சமயம் வேலை மட்டும் கொண்டவை. ஒரு பொறுப்பு வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இதற்குத் தனி நிதி உண்டா? ஆட்களை நியமிக்கும் அதிகாரம் உண்டா? முடிவெடுக்கும் கூட்டத்தில் இடம் உண்டா? மூன்றில் ஒன்றாவது இருந்தால் யோசிக்கலாம்.

துறையின் வரவுசெலவைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எங்கிருந்து பணம் வருகிறது, எதற்கு எவ்வளவு போகிறது, எந்தத் தலைப்பில் மிச்சம் இருக்கிறது என்று நிர்வாகப் பிரிவில் உள்ளவரிடம் ஒரு மதியம் உட்கார்ந்து கேட்டாலே பாதி புரிந்துவிடும். நல்ல மருத்துவராக, நல்ல ஆசிரியராக இருக்கும் பல பெண்கள் தலைமைப் பதவிக்கான நேர்காணலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஆட்களை நடத்துவதைச் சிறிய அளவில் பழகுங்கள். ஒரு வார்டின் தொற்றுக் கட்டுப்பாட்டை ஆறு மாதத்தில் சீராக்குவது, ஒரு பாடத்திட்டத்தைத் திருத்துவது என்று தொடக்கமும் முடிவும் உள்ள, அளந்து காட்டக்கூடிய வேலையாக எடுங்கள்.

முறையான பயிற்சிகளும் இருக்கின்றன. 1850-இல் பெண்களுக்கு மருத்துவம் கற்பிக்கவென்றே ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். அதன் வழிவந்த டிரெக்சல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில்தான் 1995 முதல் ஈலாம் என்ற தலைமைப் பயிற்சித் திட்டம் நடக்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் மூத்த நிலையில் உள்ள பெண்களுக்கானது. பிரிட்டனில் 2005 முதல் அதீனா ஸ்வான் என்ற பாலினச் சமத்துவச் சாசனம் இருக்கிறது. அது ஆட்களுக்குப் பயிற்சி தருவதில்லை, நிறுவனத்தைத் தன்னைத்தானே ஆராய்ந்து பார்க்க வைக்கிறது. உங்களுக்கு எட்டக்கூடிய பயிற்சி எதுவானாலும், செலவை நிறுவனம் ஏற்குமா என்று கேட்ட பிறகே உங்கள் கைக்காசைப் போடுங்கள்.

பதவி விளம்பரம் வரும்போது எல்லாத் தகுதியும் இருந்தால்தான் விண்ணப்பிப்பேன் என்று உட்காராதீர்கள். கட்டாயத் தகுதிகள் இருந்தால் போடுங்கள். கிடைக்காவிட்டாலும் நீங்கள் தலைமைக்கு விருப்பமுள்ளவர் என்பது தேர்வுக் குழுவில் உள்ள ஐந்து பேருக்குத் தெரிந்துவிடும்.

படி 10: நாற்காலி கிடைத்த பிறகு

படி 2-இல் கேட்கும் முறை மாற வேண்டும் என்று சொன்னேன். அதை மாற்றக்கூடிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

துறையில் உள்ள எல்லா வேலைகளையும், இப்போது அவற்றைச் செய்பவர் பெயரோடு ஒரே தாளில் எழுதுங்கள். யாரிடம் எத்தனை இருக்கிறது என்பது உடனே தெரியும். தேர்வு, பட்டியல், விருந்தினர் ஏற்பாடு போன்றவற்றை "யார் செய்கிறீர்கள்?" என்று கூட்டத்தில் கேட்காதீர்கள். அந்த அமைதியை உடைத்துக் கை தூக்குபவர் யார் என்று நமக்குத் தெரியும். அகரவரிசைப்படி சுழற்சியில் வையுங்கள், பேராசிரியர்களையும் சேர்த்து. துணைப் பொறுப்புகளை எல்லோருக்கும் அறிவித்து விண்ணப்பம் வாங்குங்கள், மூன்று வருடம் என்று காலம் குறியுங்கள். கூட்டங்களை மாலை ஐந்து மணிக்குப் பிறகு வைக்காதீர்கள். சம்பளத்திலும் ஆய்வுநேர ஒதுக்கீட்டிலும் வித்தியாசம் இருக்கிறதா என்று வருடம் ஒருமுறை பாருங்கள்.

மேடையில் அறிமுகம் செய்யும் முறையையும் கவனியுங்கள். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் நடந்த மருத்துவத் துறைக் கூட்டங்களின் காணொளிகளைப் பார்த்து எண்ணினார்கள். ஆண்கள் ஆண் பேச்சாளரை அறிமுகப்படுத்தும்போது 72 சதவீதம் தடவை "டாக்டர்" என்றார்கள். பெண் பேச்சாளரை அறிமுகப்படுத்தும்போது 49 சதவீதம்தான். எங்கள் துறையில் அறிமுகக் குறிப்பை எழுத்தில் கொடுத்து, அப்படியே படிக்கச் சொல்கிறேன். எல்லோரும் "டாக்டர்"தான், முழுப் பெயரோடு.

பதவி உயர்வுக் குழுவில் இடம் கிடைத்த வருடம், விண்ணப்பப் படிவத்தில் துறைக்காகச் செய்த பணிகளுக்கு ஒரு பக்கம் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டு கூட்டங்கள் ஆயின, மூன்றாவதில் ஒப்புக்கொண்டார்கள். தேர்வு நடத்திய மணிநேரம், வழிகாட்டிய மாணவர்கள், போட்ட பட்டியல்கள் எல்லாவற்றுக்கும் இப்போது கட்டம் இருக்கிறது, மதிப்பெண்ணும் இருக்கிறது. சேர்த்த வருடம் அந்தப் பக்கத்தை முழுவதும் நிரப்பி அனுப்பியவர்கள் ஏழு பேர். அதில் ஆறு பேர் பெண்கள்.